18 முடிந்த பிள்ளைகள் எங்கே படுப்பார்கள்? சமூக நலத் துறைச் செயலாளருக்குத் திறந்த மடல்

மதிப்பிற்குரிய செயலாளர் அவர்களுக்கு,

வணக்கம். சென்னையில் ஒரு குழந்தைகள் இல்லத்தில் மாலை நேரத்தில் கணக்குச் சொல்லித்தருகிறேன். 18 வயது முடிந்து அங்கிருந்து வெளியே வரும் பிள்ளைகளுக்காக எழுதுகிறேன்.

போன வருடம் வெளியே வந்த பையன் ஒருவன் இப்போது ஓட்டலில் வேலை பார்க்கிறான். இரவு கடை சாத்தியதும் மேசைகளை ஓரமாகத் தள்ளிவிட்டு அங்கேயே படுக்கிறான். மார்க் ஷீட், சாதிச் சான்றிதழ் எல்லாம் பிளாஸ்டிக் கவருக்குள், அரிசி மூட்டைக்குப் பின்னால். முதலாளி ஒருநாள் கோபத்தில் "நாளையிலிருந்து வராதே" என்றால் வேலை, சோறு, படுக்கை மூன்றும் போச்சு. அதனால் சம்பளத்தைப் பற்றி வாயே திறப்பதில்லை. ரூம் தேடிப் போனால் வாடகையைச் சொல்லும் முன்பே "அப்பா என்ன பண்றார் தம்பி?" என்கிறார்கள். ஆதாரில் இன்னமும் இல்லத்து முகவரிதான்.

சட்டத்தில் வழி இல்லாமல் இல்லை. 2015ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டத்தின் 46ஆம் பிரிவு இவர்களுக்குப் பண உதவி தரலாம் என்கிறது. 2016 மாதிரி விதிகளின்படி 21 வயது வரை, சிலருக்கு 23 வரைகூட, பிற்காப்பு, அதாவது இல்லத்தைவிட்டு வந்த பிறகும் தொடரும் உதவி, உண்டு. மத்திய அரசின் குழந்தைகள் பாதுகாப்புத் திட்டமான மிஷன் வாத்சல்யாவில் இதற்கு மாதம் 4,000 ரூபாய். திருவல்லிக்கேணி மேன்ஷனில் ஒரு கட்டிலுக்கும் சாப்பாட்டுக்குமே அது இழுபறிதான். சரி, அந்தப் பணமாவது அவனுக்குக் கிடைத்ததா? அப்படி ஒன்று இருப்பதே அவனுக்கு நான் சொல்லித்தான் தெரியும்.

நம் வீட்டில் 25 வயதில் வேலை தேடிக்கொண்டிருக்கும் மகனுக்கு அம்மா தோசை சுட்டுப் போடுகிறார். அதைச் சலுகை என்று யாரும் சொல்வதில்லை.

வேலைக்குப் போகும் பெண்களுக்கான தோழி விடுதிகள் உங்கள் துறையின்கீழ்தான் இயங்குகின்றன. ஒவ்வொன்றிலும் சில படுக்கைகளை இல்லங்களிலிருந்து வரும் பெண்களுக்கு ஒதுக்குங்கள். முதல் சம்பளம் வரும்வரை வாடகை கேட்காதீர்கள். பையன்களுக்கும் அதே மாதிரி விடுதி வேண்டும். அப்புறம், பிற்காப்பு விண்ணப்பத்தைப் பிள்ளை வெளியே போன பிறகு தேடி அலைய விடாமல், 17 வயதிலேயே மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகு இல்லத்துக்கே வந்து எழுதி வாங்கட்டும்.

என் வகுப்பில் நான்கு பேர் இந்த வருடம் பிளஸ் டூ எழுதுகிறார்கள். அவர்களுடைய விண்ணப்பங்களைத் தேர்வு முடிவதற்குள் வாங்கிவிடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு கணக்கு வாத்தியார்