யாருடைய அலட்சியம்?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சென்ற இதழின் மருத்துவப் பக்கத்தில், ‘குழந்தைக்கு ஒரு வாரத்துக்கு மேல் காய்ச்சல் நீடித்தால் பெற்றோரின் அலட்சியமே முதல் காரணம்’ என்று எழுதியிருந்தீர்கள். எங்கள் வீட்டில் அந்த அலட்சியக்காரர் யார் என்று தேடிப் பார்த்தேன். இரண்டாம் நாளே பேத்தியைத் தூக்கிக்கொண்டு ஓடிய என் மகளாக இருக்கலாம். ராத்திரியெல்லாம் தெர்மாமீட்டரும் கையுமாக உட்கார்ந்திருந்த நானாகவும் இருக்கலாம்.

போன மார்கழியில் 11 நாள் காய்ச்சல். முதல் டாக்டர் வைரல் என்றார். அடுத்தவர் வைடால் என்ற ரத்தப் பரிசோதனை செய்து டைபாய்டு என்றார். ஐந்து நாள் ஊசி. ஒரு வைடாலை வைத்துக்கொண்டு டைபாய்டு என்று முடிவுகட்டக் கூடாது, ஆன்டிபயாடிக் தொடங்கும் முன்பே, கிருமி வளர்கிறதா என்று பார்க்கும் கல்ச்சருக்கு ரத்தம் எடுக்க வேண்டும் என்பதெல்லாம் உங்களுக்குத் தெரியாததா?

மூன்றாவது ஆஸ்பத்திரியில் ஓர் இளம் டாக்டரம்மா சட்டையைக் கழற்றச் சொன்னார். அக்குளில் மிளகளவுக்கு ஒரு கறுத்த பொருக்கு, சிகரெட்டால் சுட்டதுபோல, சுற்றிலும் சிவப்பு. வலியும் இல்லை, அரிப்பும் இல்லை. ஒன்பது வயதுப் பிள்ளை அதை எதற்குச் சொல்லப்போகிறாள்? ஸ்கரப் டைபஸ். புதரில் இருக்கும் பொடிப் பூச்சி கடித்து வருவது. மழைக்குப் பின் எங்கள் பக்கம் அதிகம். ரத்தப் பரிசோதனை முடிவுக்குக் காத்திராமல் டாக்சிசைக்ளின் என்ற ஆன்டிபயாடிக்கை ஆரம்பித்தார். இரண்டாம் நாள் காய்ச்சல் விட்டது. முன்பு போட்ட ஊசியெல்லாம் இந்தக் கிருமியிடம் பலிக்காதாம். 11 நாளில் ஒருவர் சட்டைப் பித்தானை அவிழ்த்துப் பார்த்திருந்தால் போதும்.

நான் 31 வருடச் சந்தாதாரர். ராசிபலனுக்கு இரண்டு பக்கம் கொடுத்து, மருத்துவத்தை அரைப் பக்கமாக்கியபோதே எழுதினேன், பதிலில்லை. காய்ச்சல் குழந்தையைக் கம்பளியால் இறுக்கிப் போர்த்தச் சொன்ன உங்கள் ‘பாட்டி வைத்தியம்’ பகுதியையும் மறக்கவில்லை. நானும் பாட்டிதான், அப்படிச் செய்ததில்லை. அதைக் கண்டித்து எழுதிய கடிதத்தைப் பாதியாக வெட்டி, குடியாத்தத்தைக் குடவாசல் ஆக்கிவிட்டீர்கள்.

மன்னிப்பெல்லாம் வேண்டாம். அந்தக் கறுப்புப் பொருக்கின் வண்ணப்படம் ஒன்றைப் போடுங்கள். உங்கள் ரசப்பொடி விளம்பரத்தில் கால்வாசி இடம் போதும். எல்லாக் குழந்தைக்கும் அது இருக்காது என்றாலும் அக்குள், தொடை இடுக்கு, காதுக்குப் பின்புறம் பார்க்கச் சொல்லி ஒரு வரி சேர்த்தால் நல்லது.

இப்படிக்கு,
அலட்சியக் குடும்பத்துப் பாட்டி,
குடியாத்தம் (குடவாசல் அல்ல).