விசாரணைக் கிழவரும் அவரைப் படித்தவர்களும்

பாளையங்கோட்டை
ஞாயிறு மாலை

அன்புள்ள பாலு,

கடிதம் வந்தது. சுகர் கட்டுக்குள் இருக்கிறது என்று எழுதியிருக்கிறாய். அதை உன் வீட்டம்மா எழுதியிருந்தால் நம்பியிருப்பேன். இங்கே எல்லோரும் சுகம். சின்னவளுக்கு ஆகஸ்டில் பிரசவம். மேரி இப்போதே பெங்களூருக்குப் பெட்டி கட்ட ஆரம்பித்துவிட்டாள். நான் இந்தத் தடவை எங்கள் சபையின் சேகரக் கமிட்டித் தேர்தலில் நிற்கவில்லை. நின்றவர்கள் இரண்டு அணி. கோயில் கேட்டில் இடது தூணில் ஒரு அணியின் நோட்டீஸ், வலது தூணில் இன்னொரு அணியின் நோட்டீஸ். இரண்டின் தலையிலும் ஒரே வசனம்: 'சத்தியத்தையும் அறிவீர்கள், சத்தியம் உங்களை விடுதலையாக்கும்.' இரண்டையும் அடித்தது ஒரே அச்சகம். சிலுவைப் படம்கூட அதேதான்.

சங்கப் பொறுப்பிலிருந்து விலகியதை இரண்டே வரியில் முடித்துவிட்டு, மீதிப் பக்கமெல்லாம் தாஸ்தாயெவ்ஸ்கியின் 'கரமசோவ் சகோதரர்கள்' நாவலைப் பற்றி எழுதித் தள்ளியிருக்கிறாய். உன் கேள்வி நல்ல கேள்வி. மகா விசாரணையாளர் வருகிற அந்த ஒரு அத்தியாயத்தை ஜெர்மன் சமூகவியலாளர் மாக்ஸ் வேபர் ஒரு பக்கம் இழுக்கிறார், ஹங்கேரிய மார்க்சியர் லூகாச் ஒரு பக்கம், எங்கள் இறையியலாளர் கார்ல் பார்த் இன்னொரு பக்கம். அப்படியானால் தாஸ்தாயெவ்ஸ்கி என்னதான் சொன்னார் என்கிறாய்.

கதையை உனக்குச் சொல்ல வேண்டியதில்லை, எனக்காக ஒரு தடவை ஓட்டிப் பார்க்கிறேன். நாவலில் இவான் தன் தம்பி அல்யோஷாவுக்குச் சொல்கிற கதை அது. பதினாறாம் நூற்றாண்டு, செவில் நகரம். முந்தைய நாள்தான் மதவிரோதிகள் என்று கிட்டத்தட்ட நூறு பேரை எரித்திருக்கிறார்கள். கிறிஸ்து சத்தமில்லாமல் வந்து நிற்கிறார். ஜனங்கள் கண்டுகொள்கிறார்கள். மகா விசாரணையாளரான தொண்ணூறு வயதுக் கர்தினால் அவரைப் பிடித்து உள்ளே தள்ளச் சொல்கிறார். ராத்திரி விளக்கோடு தனியாகச் சிறைக்கு வந்து பேசுகிறார். மனிதனுக்குச் சுதந்திரத்தைத் தாங்கத் திராணி கிடையாது, அவனுக்கு அப்பமும் அற்புதமும் அதிகாரமும் போதும், வனாந்தரத்தில் சாத்தான் நீட்டியபோது நீ வேண்டாம் என்று தள்ளியதை எல்லாம் நாங்கள் எடுத்துக்கொண்டோம் என்பதுதான் சாரம். கோடிக்கணக்கானவர்கள் குழந்தைகளைப் போலச் சந்தோஷமாக இருப்பதற்காக, உண்மை தெரிந்த எங்களைப் போன்ற சிலர் மட்டும் துக்கத்தைச் சுமக்கிறோம் என்கிறார். கைதி ஒரு வார்த்தை பேசவில்லை. கடைசியில் கிழவரின் ரத்தம் வற்றிய உதட்டில் முத்தமிடுகிறார். கிழவர் கதவைத் திறந்து, போ, இனி வராதே என்கிறார்.

இவர்கள் மூன்று பேரும் இந்த அத்தியாயத்துக்கு விளக்கம் எழுதியதாக நான் நினைக்கவில்லை. அந்தச் சிறைக்குள் ஆளுக்கொரு இடம் பார்த்து உட்கார்ந்தார்கள். யார் எங்கே உட்கார்ந்தார்கள் என்று பார்த்தால் உன் குழப்பம் பாதி தீரும்.

முதலில் வேபர். 1919 ஜனவரி 28, ம்யூனிக். புத்தகக் கடையை ஒட்டிய ஒரு கூடத்தில் மாணவர்களுக்கு அரசியலைப் பற்றிப் பேசுகிறார். முதலில் வர மறுத்தாராம். 'அப்படியானால் குர்ட் ஐஸ்னரைக் கூப்பிடுகிறோம்' என்று மாணவர்கள் சொன்ன பிறகுதான் ஒத்துக்கொண்டதாகச் சொல்வார்கள். ஐஸ்னர் அப்போது பவேரியாவின் சோஷலிசப் பிரதமர். அடுத்த மாதமே நடுத்தெருவில் சுட்டுக் கொன்றுவிட்டார்கள். அந்தச் சூட்டில்தான் வேபர் பேசுகிறார்: கொள்கைக்கு மட்டும் விசுவாசமாக இருந்து விளைவைக் கடவுளிடம் விட்டுவிடுகிறவன் ஒருத்தன், விளைவுக்குப் பொறுப்பேற்கிறவன் இன்னொருத்தன். இரண்டையும் ஒன்றாக்க முடியாது, தாஸ்தாயெவ்ஸ்கியின் மகா விசாரணையாளர் காட்டுவது இதைத்தான் என்கிறார். அன்பைப் போதித்தவர்களே மறுநாள் 'இதோ கடைசி வன்முறை, இதற்குப் பிறகு வன்முறையே இருக்காது' என்று கிளம்புவதைச் சுட்டிக்காட்டி எச்சரிக்கிறார். வேபர் கிழவரின் பக்கத்தில்தான் உட்கார்ந்திருக்கிறார், ஆனால் முகத்தைத் திருப்பிக்கொண்டு. கதவைத் தாண்டிப் போகிறவரைப் பார்க்கிற கண் அவருக்கு இருந்தது. தனக்கு மதத்தைக் கேட்கும் காது கிடையாது என்று சக சமூகவியலாளர் தோன்னீஸுக்கு 1909இல் எழுதியவர்தான், ஆனாலும் ஹைடல்பெர்க்கில் அவர் வீட்டு ஞாயிற்றுக்கிழமைப் பேச்சில் தாஸ்தாயெவ்ஸ்கி பெயர் வராத நாளே கிடையாது என்று அங்கே போய்வந்தவர்கள் எழுதியிருக்கிறார்கள். ம்யூனிக் பேச்சின் முடிவில், பத்து வருஷம் கழித்து இதைப் பற்றி மறுபடி பேசுவோம் என்று மாணவர்களிடம் சொன்னார். 1920 ஜூனில் நிமோனியாவில் போய்ச் சேர்ந்தார்.

வேபரின் ஹைடல்பெர்க் வீட்டுக்கு வந்துபோனவர்களில் ஒருவர்தான் லூகாச். தாஸ்தாயெவ்ஸ்கியைப் பற்றிப் பெரிய புத்தகம் எழுத உட்கார்ந்தார், முன்னுரை மட்டும் முடிந்தது, அதுவே 'நாவலின் கோட்பாடு' என்று தனியாக வந்துவிட்டது. 1918 டிசம்பரில், கெட்டதிலிருந்து நல்லது பிறக்கும் என்று என்னால் நம்ப முடியவில்லை, அதனால் போல்ஷெவிசம் வேண்டாம் என்று கட்டுரை எழுதுகிறார். அது அச்சில் வந்த சூடு ஆறுவதற்குள் கட்சியில் சேருகிறார். மறுவருஷம் ஹங்கேரியில் கம்யூனிஸ்ட் ஆட்சி வந்தபோது, படைப்பிரிவின் அரசியல் ஆணையராக எட்டுப் பேரைச் சுடச் சொன்னதைப் பின்னாளில் அவரே ஒத்துக்கொண்டார். பாவம் என்று தெரிந்தே அந்தப் பாவத்தைச் சுமப்பதுதான் தியாகம் என்பது அவருடைய நியாயம். கிழவர் சொன்ன துக்கம் சுமக்கும் சிலர் கதைதான், வேறொன்றும் இல்லை. இவரைப் பற்றி உனக்கு நான் அதிகம் சொல்லத் தேவையில்லை.

இப்போது பார்த். என் ஆள் என்பதால் கொஞ்சம் இழுப்பேன், பொறுத்துக்கொள். சுவிட்சர்லாந்தில் சாஃபென்வில் என்ற சின்ன ஊரில் 1911 முதல் பத்து வருஷம் ஐயராக, அதாவது சபைப் பாதிரியாராக, இருந்தார். மில் தொழிலாளர்கள் நிறைந்த ஊர். சங்கம் கட்ட உதவினார், மில் முதலாளிகள் சீறினார்கள், 'சிவப்பு ஐயர்' என்று பெயர் வந்தது. 1914இல் ஜெர்மன் அறிவாளிகள் 93 பேர் கெய்சரின் போரை நியாயப்படுத்தி அறிக்கை விட்டபோது, அதில் தன் இறையியல் ஆசிரியர்களின் கையெழுத்தும் இருந்ததைப் பார்த்து ஆடிப்போனார். பக்கத்து ஊரில் ஐயராக இருந்த நண்பர் துர்னைசன் அவருக்கு தாஸ்தாயெவ்ஸ்கியைக் காட்டினார். 1922இல் வந்த ரோமர் நிருப விளக்கத்தின் இரண்டாம் பதிப்பு முழுக்க அந்தச் சாயல்.

அதில் பதிமூன்றாம் அதிகாரம். 'எந்த மனுஷனும் மேலான அதிகாரமுள்ளவர்களுக்குக் கீழ்ப்படியக்கடவன்' என்று பவுல் சொல்லும் இடம். சிவப்பு ஐயர் இதற்கு என்ன சொல்வார் என்று எல்லோரும் எதிர்பார்த்திருப்பார்கள். அவரோ ஆட்சியாளனை விட்டுவிட்டுப் புரட்சிக்காரனைப் பிடித்துக்கொள்கிறார், அவன்தான் உண்மைக்குக் கிட்டத்தில் நிற்கிறான், அதனால்தான் அவனுக்கு ஆபத்து அதிகம் என்பதற்காக. அவன் ஒன்றை மறந்துவிடுகிறான் என்கிறார்: விசாரணையாளருக்கு எதிரே நிற்கிற கிறிஸ்து தான் இல்லை, கிறிஸ்துவுக்கு எதிரே நிற்கிற விசாரணையாளர்தான் தான் என்பதை. திருச்சபையையும் அதே நாற்காலியில்தான் உட்காரவைக்கிறார், தானும் அந்தச் சபையில் ஒருத்தன் என்று சொல்லிக்கொண்டே.

இந்த இடத்தில் பார்த், எழுதியவரையே தாண்டிவிட்டார் என்று எனக்குத் தோன்றுகிறது. தாஸ்தாயெவ்ஸ்கிக்குக் கிழவர் என்றால் ரோமின் கத்தோலிக்கச் சபை, கூடவே சோஷலிஸ்டுகள். ரஷ்யாவையும் அதன் திருச்சபையையும் பத்திரமாக வெளியே நிறுத்திவிட்டார். வேடிக்கை என்னவென்றால், இவானின் வாதத்துக்கு நான் எழுதும் பதில் போதுமா என்று பயமாக இருக்கிறது என்று 1879இல் அவர் மனம்விட்டு எழுதியது பபெதனோஸ்த்சேவுக்கு. அந்த மனிதர் மறு வருஷமே ரஷ்யத் திருச்சபையை அரசாங்கத்தின் சார்பில் ஆட்டிவைக்கும் பதவியில் உட்கார்ந்தார். டால்ஸ்டாயைச் சபையிலிருந்து விலக்கியது அவர் காலத்தில்தான். விசாரணையாளரிடமே போய் விசாரணையாளரைப் பற்றிக் கவலைப்பட்டிருக்கிறார் நம் ஆள்.

கேட்டில் இருந்த இரண்டு நோட்டீஸையும் படித்தபோது பார்த் ஞாபகம்தான் வந்தது. உன் கடிதத்தைப் படித்தபோதும் வந்தது, கோபித்துக்கொள்ளாதே. உங்கள் பொதுச் செயலாளரைக் கிழவர் என்கிறாய். இருக்கலாம். எதிர் நாற்காலியில் யார் என்று நீ எழுதவில்லை. நீ விலகியதைத் தப்பென்று சொல்ல வரவில்லை. பார்த்தும் சும்மா கைகட்டி உட்கார்ந்தவர் இல்லை. 1934இல் நாஜிகளுக்கு எதிரான பார்மன் பிரகடனத்தை எழுதியதில் பெரும் பங்கு அவருடையது. ஹிட்லர் பெயரில் நிபந்தனையில்லாத சத்தியம் செய்ய மறுத்தார், பான் பல்கலைக்கழக வேலை போனது, பாசலுக்குத் திரும்பினார். ஆனால் அப்போதும் தன்னைச் சிறைக்குள் நிற்கும் கைதியாக அவர் நினைத்துக்கொண்டதாகத் தெரியவில்லை.

அப்பம் யார் கொடுப்பது என்ற கேள்விக்கு மட்டும் பார்த்திடம் பதில் கம்மி. அதற்கு வேபரிடம்தான் போக வேண்டும். வேபரிடம் எனக்கு வேறொரு மனத்தாங்கல். அதே ம்யூனிக் பேச்சில் கீதையைக் கொண்டுவருகிறார். ஒவ்வொருத்தனுக்கும் ஒரு தர்மம், சத்திரியனுக்குப் போர், ஆக இந்தியாவில் இந்த முரண்பாடு வேலைப் பிரிவினையாகத் தீர்ந்துவிட்டது என்கிற தோரணை. அர்த்தசாஸ்திரத்துக்கு முன்னால் மாக்கியவெல்லி ஒன்றுமில்லை என்பார், அது சரிதான். ஆனால் பாரதம் கீதையோடு முடியவில்லையே. ஜெயித்த பிறகு தர்மபுத்திரர் இந்த ராஜ்யம் எனக்கு வேண்டாம், காட்டுக்குப் போகிறேன் என்று அழுகிறார். தம்பிகளும் திரௌபதியும் மாறி மாறிச் சமாதானம் சொல்ல வேண்டியிருக்கிறது. தர்மத்தைச் செய்து முடித்தவனுக்கு அது தீரவில்லை. வேபர் அதுவரை வந்திருந்தால் அர்ஜுனனை விட்டுவிட்டு அண்ணனைப் பிடித்திருப்பார்.

உன் அப்பா வைத்திருந்த கும்பகோணம் பதிப்பு மகாபாரதத்தில் சாந்தி பர்வம் இன்னும் இருக்கிறதா, கரையான் தின்றுவிட்டதா? இருந்தால் உன் மகன் அடுத்த மாதம் திருச்செந்தூர் வரும்போது கொடுத்தனுப்பு. துர்னைசன் எழுதிய சின்னப் புத்தகத்தின் நகலை அவன் கையில் தருகிறேன், ஆங்கிலம்தான். மாத்திரையை நேரத்துக்குப் போடு.

அன்புடன்,
சாம்