அப்பா, பிதாவே

அன்பு மகளுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. இயேசு எந்த ஊர்க்காரர், உங்கள் வீட்டுப் படத்தில் ஏன் நீலக் கண்களோடு இருக்கிறார் என்று தோழி கேட்டபோது பதில் தெரியாமல் விழித்ததாக எழுதியிருந்தாய். குறை உன்னுடையது அல்ல. நான்தான் சொல்லித் தரவில்லை.

அவர் இன்றைய இஸ்ரேலின் வடபகுதியான கலிலேயாவில் வளர்ந்த யூதர். திருச்செந்தூர் ரயிலில் வருமே நம் நாசரேத், அதற்குப் பெயர் கொடுத்த அந்த ஊரில் அன்று சில நூறு பேர்தான் இருந்திருப்பார்கள். வீட்டில் அழைத்த பெயர் யேசுவா. நம் பக்கத்தில் தெருவுக்கு ஒரு செல்வராஜ் இருப்பது போல அங்கே அந்தப் பெயர் சாதாரணம். அதனால்தான் ஊரைச் சேர்த்து ‘நசரேயன்’ என்றார்கள். கிறிஸ்து என்பதும் குடும்பப் பெயர் அல்ல. ‘மேசியா’, அதாவது அபிஷேகம் பெற்றவர் என்ற எபிரேயச் சொல்லின் கிரேக்க மொழிபெயர்ப்பு அது.

அவர் வெறும் கட்டுக்கதை என்று யாராவது சொன்னால் கலங்காதே. கிறிஸ்தவர்களை வெறுத்த ரோம வரலாற்றாசிரியர் டாசிட்டஸே, ரோம ஆளுநர் பிலாத்து அவரைக் கொன்றதை எழுதி வைத்திருக்கிறார். பிலாத்துவின் பெயர் பொறித்த கல் 1961இல் செசரியாவில் கிடைத்தது.

பெரும்பாடுள்ள, அதாவது தீராத இரத்தப்போக்கு இருந்த பெண், குணமாக வேண்டி அவருடைய வஸ்திரத்தின் ஓரத்தைத் தொட்டாள் என்று வேதத்தில் வாசிக்கிறோம். அந்த ஓரம் வெறும் துணி விளிம்பாக இருந்திருக்காது என்கிறார்கள் அறிஞர்கள் பலர். மோசேயின் சட்டப்படி யூத ஆண்கள் ஆடையின் மூலைகளில் கட்டிய நூல் குஞ்சம் அது. நீலக் கண்களோடு படம் வரைந்தவர்கள் அந்தக் குஞ்சத்தை விட்டுவிட்டார்கள். அவர் யூதர் என்பதை மறந்தவர்கள்தான் 1096இல் சிலுவை அடையாளம் தரித்துச் சிலுவைப் போருக்குப் புறப்பட்டு, ரைன் நதிக்கரை ஊர்களில் யூதக் குடும்பங்களை வெட்டிச் சாய்த்தார்கள். அவர்கள் கொன்றது அவருடைய சொந்த ஜனத்தை. இதை நினைத்தால் எனக்கு இன்றும் நெஞ்சு பதறுகிறது.

ஞாயிறு பள்ளி நாட்களில் நீ ஒன்று கேட்டாய். மாற்கு எழுதிய சுவிசேஷத்தின் 14ஆம் அதிகாரத்தில் விரல் வைத்து, “‘அப்பா பிதாவே’ என்று ஏன் இரண்டு தடவை இருக்கிறது?” என்றாய். “வேதத்தில் அப்படித்தான் இருக்கும், படி” என்று அதட்டிவிட்டேன். எனக்கே தெரியாது.

அந்த ‘அப்பா’ தமிழ் அல்ல, மகளே. அவர் பேசிய அரமேய மொழியில் தகப்பனை அழைக்கும் சொல். கிரேக்கத்தில் எழுதிய மாற்கு, அவர் வாயிலிருந்து வந்த ஒலியை மாற்ற மனமில்லாமல் அப்படியே வைத்து, பக்கத்தில் பொருளையும் எழுதிவிட்டார். இரண்டு மொழிகளிலும் ஏறக்குறைய ஒரே ஒலி அமைந்தது தற்செயல்தான். ஆனாலும் கெத்செமனே தோட்டத்தில், சாவுக்கு முந்தின இரவில், அவர் அழைத்த அதே சொல்லால்தான் நீ போனில் என்னை அழைக்கிறாய்.

தோழியிடம் இதைச் சொல். விடுமுறைக்கு வரும்போது அவளையும் கூட்டிக்கொண்டு வா.

அன்புடன்,
அப்பா