1934 இடைத்தேர்தல்: ராசனுக்கு ஒரு கடிதம்

அன்புள்ள ராசன்,

உம்முடைய கடிதம் கிடைத்தது. முழங்கால் நோ குறைந்ததில் சந்தோஷம். இங்கே எல்லோரும் சுகம்.

உம்முடைய அப்பாச்சி 1934 இடைத்தேர்தலில் வாக்களித்திருப்பாவா என்று கேட்டிருந்தீர். அளித்திருந்தால் அதுதான் இலங்கையின் அந்நாளைய சட்டசபையான அரசாங்க சபைக்கு அவ போட்ட முதல் வாக்கு. பிரித்தானியர் தந்த டொனமூர் அரசியலமைப்பு 1931இலேயே 21 வயதான பெண்களுக்கும் வாக்குரிமை கொடுத்துவிட்டது. ஆனால் யாழ்ப்பாணம், காங்கேசன்துறை, பருத்தித்துறை, ஊர்காவற்றுறை ஆகிய நாலு தொகுதியிலும் அந்த வருஷத் தேர்தலைப் பகிஷ்கரித்து ஒருவரும் நியமனப் பத்திரம் கொடுக்கவில்லை. கிடைத்த உரிமையைப் பெண்கள் மூன்று வருஷம் கையில் வைத்துக்கொண்டு சும்மா இருந்தார்கள். இதைப் பற்றி ஒருவரும் பேசுவதில்லை, பாரும்.

பகிஷ்கரிப்பைக் கொண்டுவந்தது யாழ்ப்பாண வாலிபர் காங்கிரஸ் என்ற இளைஞர் இயக்கம், 1927இல் காந்தியை யாழ்ப்பாணத்துக்கு அழைத்த அதே ஆட்கள். ஹண்டி பேரின்பநாயகம் போன்ற அதன் தலைவர்கள் கேட்டது பூரண சுயராச்சியம். டொனமூர் தந்தது அரைகுறை. அவர்களின் நேர்மையில் எனக்குச் சந்தேகமே இல்லை. தெற்கும் பின்னால் வரும் என்று நம்பியதுதான் பிழைத்தது. சிலர் பாராட்டினார்கள், அவ்வளவுதான். சபை ஏழு நிர்வாகக் குழுக்களாகப் பிரிந்தது. ஒவ்வொரு குழுவும் தெரிவுசெய்த தலைவர்தான் மந்திரி. அந்தத் தெரிவில் நம்முடைய நாலு தொகுதிக்கும் பங்கே இல்லை.

அப்புறம் 1934. யாழ்ப்பாணத்துக்கு அருணாசலத்தின் மகன் மகாதேவா, காங்கேசன்துறைக்கு இராமநாதனின் மருமகன் நடேசன் என்று பழைய பெரிய வீடுகளே திரும்பவும் உள்ளே போயின. பருத்தித்துறையில்தான் விசேஷம். 1931இல் மன்னார்–முல்லைத்தீவில் கேட்டுத் தோற்ற ஜி. ஜி. பொன்னம்பலம் அங்கே வென்றார். இனவாரிப் பிரதிநிதித்துவமே கூடாது என்றது வாலிபர் காங்கிரஸ். அவர்கள் வெறுமையாக விட்ட கதிரையில் வந்து இருந்தவர்தான் பிறகு சிங்களவருக்குப் பாதி ஆசனம், மற்றச் சமூகங்களுக்குப் பாதி என்று ஐம்பதுக்கு ஐம்பது கேட்டார்.

அதற்காக, 1931இலேயே போயிருந்தால் எல்லாம் சரிவந்திருக்கும் என்று நான் சொல்லவில்லை. 1936இல் நம்மவர்கள் சபையில் இருந்தார்கள்தானே? அப்படியிருந்தும் தனிச் சிங்கள மந்திரிசபை அமைந்தது.

தங்கச்சியின் மகளுக்குத் தை மாதம் கலியாணம். வரப் பாரும்.

அன்புடன்,
தில்லை