90 சதவீதத்தின் பின்னால் இருப்பது

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நாடுகளின் தண்ணீர்ப் பயன்பாடு பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையில், "ஜெர்மனியில் மொத்தத் தண்ணீரில் விவசாயம் எடுப்பது சில சதவீதம்தான், இந்தியாவில் 90. வீணாக்குவது யார்?" என்று ஒரு வரி. படித்ததிலிருந்து மனசு ஆறவில்லை.

ஜெர்மனியில் ஆண்டு முழுக்க மழை பரவலாகப் பெய்கிறது. பெரும்பாலான பயிர் அதிலேயே விளைந்துவிடும். மண் குடிக்கும் மழை இந்தக் கணக்கில் சேராது என்பது தங்களுக்குத் தெரியாததல்ல. ஆற்றிலும் நிலத்தடியிலும் எடுப்பது மட்டும்தான் கணக்கு. சில மாதங்களோடு மழை நின்றுவிடும் நாட்டில் பாய்ச்சாமல் எப்படிப் பயிர் செய்வது? அப்புறம், அவர்கள் உடுத்தும் பருத்தி எங்கே விளைகிறது? ஒரு கிலோ பருத்தித் துணிக்கு உலக சராசரியில் சுமார் 10,000 லிட்டர் மறைநீர், அதாவது அதை விளைவித்து உருவாக்கச் செலவாகும் தண்ணீர். அதில் பாசனமாகப் போனதெல்லாம் விளைவித்த நாட்டின் பெயரில்தான் எழுதப்படுகிறது.

எடுப்பது வேறு, தீர்ந்துபோவது வேறு. அமெரிக்காவின் 2015 கணக்கில் அனல், அணு மின் நிலையங்கள் எடுத்தது சுமார் 41 சதவீதம், பாசனம் 37. மின் நிலையம் எடுத்ததில் பெரும்பகுதி சூடாகி ஆற்றுக்கோ கடலுக்கோ திரும்பிவிடும். பாசனத்தில் நிறைய ஆவியாகிறது, மறுக்கவில்லை. மிச்சம் மண்ணில் இறங்குகிறதே! மேல்வயலில் நெல்லுக்கு நீர் கட்டியிருக்கும்போது என் கிணற்றுச் சுவரில் ஈரம் கல் கல்லாக மேலே ஏறும். அதை நான் இறைத்தால் அதே தண்ணீர் மறுபடியும் 'எடுப்பு'.

இது முதல் தடவையும் அல்ல. சொட்டுநீர் போடாத விவசாயியைப் பொறுப்பற்றவன் என்று முன்பொரு முறை எழுதினீர்கள். உப்புத் தண்ணீரில் சொட்டுநீர்க் குழாயின் துளைகள் அடைத்துக்கொள்ளும். வெயிலில் குனிந்து ஒவ்வொன்றாகத் தட்டிச் சுத்தம் செய்கிறோம். அதைப் பற்றி நான் எழுதிய கடிதம் வரவில்லை. மார்ச் 22, உலக தண்ணீர் தினம் வந்தால் தவறாமல் வறண்ட வயல் படம் போடுகிறீர்கள். அந்த வயல்காரரிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். இத்தனை வருஷ வாசகன் என்ற உரிமையில் வருந்துகிறேன்.

நான் கேட்பது இதுதான். அடுத்த முறை இப்படி அட்டவணை போட்டால், அது எடுத்த நீரா, தீர்ந்த நீரா, எந்த ஆண்டுக் கணக்கு என்று கீழே ஒரு வரி சேருங்கள்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகன், ஒரு விவசாயி