எதிர்வீட்டு அக்கா

சாட்ஸ்வர்த், டர்பன், தென்னாப்பிரிக்கா,
ஞாயிறு மாலை

அன்புள்ள மரகதம்,

உன் கடிதம் வந்து மூன்று வாரமாகிறது. முழங்கால் வலி என்று சாக்குச் சொல்லலாம்; இதை எப்படி எழுதுவது என்று தெரியாமல்தான் தள்ளிப்போட்டேன். எதிர்வீட்டு அக்காவின் இளைய மகன் மார்ச்சில் உயிரை மாய்த்துக்கொண்டான். காவடியின்போது கோயில் வாசலில் மோர் ஊற்றிக்கொண்டு நிற்பானே, அவன்தான்.

'தற்கொலை' என்று எழுதக் கை வரவில்லை. அந்தச் சொல்லுக்குள்ளேயே கொலை இருக்கிறது. கொலை என்றால் குற்றவாளியைத் தேடுவார்கள். போனவன் அகப்படமாட்டான், தெருவே தாயைத் திரும்பிப் பார்க்கிறது. இங்கே இப்படிப்பட்ட சாவென்றால் போலீஸ் வரும், அரசுப் பிணவறையில் உடற்கூறாய்வு நடக்கும். அதெல்லாம் முடிந்த பிறகு அக்கம்பக்கத்தார் விசாரணை தொடங்கியது.

நானும் யோக்கியமில்லை. முதல் நாள் "எல்லாம் தலையெழுத்து அக்கா" என்றேன். பிறகு ஒரு வாரம், பீன்ஸ் கறியை வாசலில் வைத்துவிட்டு ஓடிவந்தேன். பதினாறாம் நாள் காரியம் செய்யலாமா என்று அவள் காதுபடவே உறவினர்கள் வாதாடினார்கள். "துர்மரணம்" என்றார் ஒரு பெரியவர். பூசாரிதான், "பெற்ற பிள்ளைக்குச் செய்ய யாரைக் கேட்க வேண்டும்?" என்று முடித்துவைத்தார். (அவர் பாட்டை இனிக் குறை சொல்லமாட்டேன்.)

ஒருநாள் உள்ளே போய் உட்கார்ந்தேன். "அன்றைக்கு அவன் போன் அடித்தான், நான் எடுக்கவில்லை" என்பதையே திரும்பத் திரும்பச் சொன்னாள். உன் தவறில்லை என்று சொல்லிப் பார்த்தேன், ஏறவில்லை. ஒரே ஒரு காரணத்தால் இது நடப்பதில்லை என்று மருத்துவர்கள் சொல்வது எனக்குத் தெரியும். அவளுக்கு அப்போது அது தேவைப்படவில்லை. பேசாமல் கேட்டுக்கொண்டிருந்தேன். இருட்டிய பிறகுதான் எழுந்தேன்.

அக்காவைவிட, அவளுடைய மூத்த மகளைப் பற்றித்தான் எனக்குப் பயம். எல்லோரும் அவளிடம் "அம்மாவைப் பார்த்துக்கொள்" என்றார்களே தவிர, அவளை யாரும் கேட்கவில்லை. இப்படிப் பறிகொடுத்தவர்களுக்கும் அதே எண்ணம் வரும் அபாயம் அதிகம். கேட்டால் எண்ணத்தைத் தூண்டிவிடுவோம் என்று நாம் நினைப்பது தவறு. அதனால் நேராகவே கேட்டேன்: "உனக்கும் செத்துப்போகலாம் என்று தோன்றுகிறதா, அம்மா?" வெகுநேரம் அழுதாள். "சில ராத்திரிகளில், ஆன்ட்டி" என்றாள். அங்கேயே உட்கார்ந்து, மனநல உதவி தரும் சாடாக் (SADAG) அமைப்பின் இலவச எண்ணை, 0800 567 567, இருவருமாக அழைத்தோம். இப்போது வாரம் ஒருமுறை ஆலோசகரிடம் போகிறாள். போன வாரம் சிரித்தாள்கூட.

மரகதம், 1860 முதல் 1911 வரை ஒன்றரை லட்சம் பேர் இந்தியாவிலிருந்து ஒப்பந்தக் கூலிகளாக இந்த நேட்டாலுக்கு வந்தார்கள். கரும்புத் தோட்டங்களில் தம்மை மாய்த்துக்கொண்டவர்கள் அவர்களில் எத்தனையோ பேர். நம் வீட்டுக் கதைகளில் அப்படி ஒருவர்கூட ஏன் இல்லை? உன் பாட்டி யாரையாவது பற்றிச் சட்டென்று பேச்சை நிறுத்தியதுண்டா? என் பாட்டி நிறுத்தியிருக்கிறாள்.

அடுத்த மாதம் வருவாயல்லவா? அக்காவிடம் அவன் பெயரைச் சொல்லிப் பேசு. உப்பு அதிகமாகிப்போன மோரை உனக்குக் கொடுத்துவிட்டு அவன் நெளிந்தானே, அந்தக் கதை அவளுக்குத் தெரியாது.

உன்,
சரோஜா