சார்ஜ் லைட்டை மட்டும் விட்டுவிடுங்கள்

அன்புள்ள ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு இணைப்பில் பழைய கார்களைப் பராமரிப்பது பற்றி வந்த பக்கத்தைப் படித்தேன். டேஷ்போர்டில் உள்ள பழைய பல்புகளைக் கழற்றிவிட்டு எல்.இ.டி. போட்டுக்கொள்ளலாம், வீட்டிலேயே செய்யக்கூடிய வேலைதான் என்று எழுதியிருந்தீர்கள். நல்ல யோசனை. ஆனால் அதில், பேட்டரிக்குச் சார்ஜ் ஏறாதபோது எரியும் சிவப்பு சார்ஜ் லைட்டைப் பற்றிய ஒரு விஷயம் விடுபட்டிருக்கிறது. அது தெரியாமல் செய்தால் வண்டி நடுரோட்டில் நின்றுவிடும். தண்டையார்பேட்டையில் கார் வயரிங் வேலை பார்ப்பவன் நான். இதைச் சொல்லாமல் இருக்க மனம் வரவில்லை.

போன மழைக்காலத்தில் ராயபுரத்துப் பெரியவர் ஒருவரின் அம்பாசடரைக் கயிறு கட்டி இழுத்து வந்தார்கள். எண்ணூர் விரைவுச் சாலையில் கன்டெய்னர் லாரிகள் வரிசை கட்டி நிற்க, அதன் பின்னால் ஹெட்லைட்டும் வைப்பரும் போட்டபடி ஊர்ந்திருக்கிறார். முதலில் லைட் மங்கியது, அப்புறம் ஹாரன் கம்மியது, கடைசியில் இன்ஜினே நின்றுவிட்டது. "பேட்டரி புதுசு தம்பி" என்று திரும்பத் திரும்பச் சொன்னார். பெல்ட் சரியாக இருந்தது. இன்ஜின் ஓடும்போது மின்சாரம் தயாரித்து பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றும் ஆல்டர்னேட்டரைக் கழற்றிப் பார்த்தேன், அதிலும் பழுதில்லை. மீட்டருக்குப் பின்னால் கைவிட்டுப் பல்புகளை உருவியபோதுதான் விஷயம் புரிந்தது. ஒரு கடையில் எல்லாவற்றையும் எல்.இ.டி.யாக மாற்றிக் கொடுத்திருக்கிறார்கள், சார்ஜ் லைட் உட்பட. அந்தச் சிவப்பு லைட் அணையாமல் எரிந்துகொண்டே இருக்கிறதே என்று அவர் கேட்டதற்கு, "எல்.இ.டி.ன்னா அப்படித்தான் சார் லேசா எரியும்" என்று பதில் வந்திருக்கிறது. அந்த லைட் எரிந்ததற்குக் காரணம் வேறு. பேட்டரிக்குச் சார்ஜ் ஏறவேயில்லை.

டேஷ்போர்டில் உள்ள மற்ற பல்புகளுக்கு எரிவது ஒன்றுதான் வேலை. ஆல்டர்னேட்டர் உள்ள பழைய வண்டிகளில் சார்ஜ் லைட்டுக்கு இன்னொரு வேலையும் இருக்கிறது. சாவியைத் திருப்பியதும் பேட்டரியிலிருந்து கிளம்பும் மின்சாரம் அந்தப் பல்பின் வழியாகத்தான் ஆல்டர்னேட்டருக்குள் போய், சுற்றும் ரோட்டரைக் காந்தமாக்குகிறது. அந்தக் காந்தம் பிறந்தால்தான் ஆல்டர்னேட்டர் மின்சாரம் தரத் தொடங்கும். தந்ததும் பல்பின் இரண்டு பக்கமும் ஒரே வோல்ட் வந்துவிடுவதால் பல்பு அணைகிறது. 2.2 வாட் பழைய பல்பு 12 வோல்ட்டில் ஏறக்குறைய 180 மில்லி ஆம்பியர் விடும். எல்.இ.டி.யில் 20 மில்லி ஆம்பியர் போனாலே அதிகம். அது போதாது. இன்ஜினை நன்றாக முறுக்கினால், ரோட்டரில் மிச்சமிருக்கும் காந்தத்தை வைத்துச் சில வண்டிகள் தானாகச் சார்ஜ் எடுத்துவிடும். அதனால்தான் பலருக்கு இந்தக் கோளாறு கண்ணில் படுவதேயில்லை. ஆனால் எங்கள் பக்கத்துச் சாலைகளில் கன்டெய்னருக்குப் பின்னால் இன்ஜினை முறுக்காமல் ஐடிலிலேயே கிடக்கும் வண்டிக்கு அந்த வாய்ப்பு எங்கே கிடைக்கும்?

எல்.இ.டி.தான் வேண்டும் என்றால், எல்.இ.டி.யின் இரண்டு முனைகளிலும் சேரும்படி பக்க இணைப்பாக (பேரலல்) 68 ஓம், 5 வாட் ரெசிஸ்டர் ஒன்றைச் சேர்த்தால் பழைய பல்பு விட்ட அதே அளவு மின்சாரம் போகும். ரெசிஸ்டர் சூடாகும், வயரில் ஒட்டாமல் தள்ளிக் கட்ட வேண்டும். என்னைக் கேட்டால் அந்த இடத்தில் பழைய பல்பே இருக்கட்டும் என்பேன்.

ஆல்டர்னேட்டருக்குப் பதில் அதே வேலையைச் செய்யும் டைனமோ உள்ள, அதற்கும் மூத்த வண்டிகளில் இந்தச் சிக்கல் கிடையாது, டைனமோவுக்கு அந்தப் பல்பின் தயவு வேண்டாம். ஆனாலும் ஐடிலில் அந்தச் சிவப்பு மங்கலாக எரிவதையும், ஆக்ஸிலேட்டர் கொடுக்கக் கொடுக்கக் குறைந்து அணைவதையும் பார்த்தே டைனமோவின் உடல்நிலையைச் சொல்லிவிடும் டிரைவர்கள் இருக்கிறார்கள். எல்.இ.டி.யில் அந்த ஏற்ற இறக்கம் தெரியாது.

மற்றவற்றைத் தாராளமாக மாற்றலாம். சூடு குறைவதால் மீட்டருக்குள் பெயின்ட் பழுப்பேறாது. சிவப்பு மூடிக்குள் வெள்ளை எல்.இ.டி. போட்டால் வெளிறித் தெரியும், சிவப்பே போடுங்கள். பச்சைக்குப் பச்சை. ஹைபீம் நீலத்துக்கு மட்டும் வெளிச்சம் குறைந்ததாகப் பாருங்கள், ராத்திரியில் கண்ணைக் குத்தும். இடம், வலம் இரண்டுக்கும் ஒரே இன்டிகேட்டர் பல்பு உள்ள சில வண்டிகளில் மின்சாரம் இரு திசையிலும் போகும். அங்கே சாதாரண எல்.இ.டி. ஒரு பக்கத்துக்கு மட்டும் எரியும், இரு திசைக்கும் எரியும் வகையைக் கேட்டு வாங்க வேண்டும்.

இன்னொன்று. எங்களிடம் "மீட்டர் லைட் மங்கிடுச்சு, எல்.இ.டி. போடுங்க" என்று வருகிற வண்டிகள் பலவற்றில் பல்பு மேல் குற்றமே இல்லை. காசிமேடு, திருவொற்றியூர் உப்புக்காற்றில் பித்தளை ஹோல்டரில் பச்சைக் களிம்பு பிடித்து, மின்சாரம் திரும்பிப் போகும் எர்த் கிடைக்காமல் போயிருக்கும். ஹோல்டரை உப்புத்தாளால் தேய்த்து, மீட்டர் பெட்டியின் எர்த் வயரைக் கழற்றிச் சுத்தம் செய்து முடுக்கினால் பழைய பல்பே பளிச்சென்று எரியும். களிம்பின் மேலேயே புது எல்.இ.டி.யைச் செருகுவது காசைக் கடலில் போடுவதுதான்.

2014-லேயே அம்பாசடர் உற்பத்தி நின்றுவிட்டது. இருக்கிற வண்டிகளை அப்பா வாங்கியது, தாத்தா ஓட்டியது என்று ஆசையாக வைத்திருப்பவர்கள் உங்கள் பக்கத்தைப் படித்துவிட்டு அப்படியே செய்வார்கள். ஆகவே சார்ஜ் லைட் பற்றிய இந்த எச்சரிக்கையை அதே இணைப்பில், அதே அளவு எழுத்தில் வெளியிட வேண்டுகிறேன். எல்.இ.டி.யைச் செட்டாக விற்கும் கடைக்காரர்களும் வண்டியில் இருப்பது டைனமோவா, ஆல்டர்னேட்டரா என்று ஒரு வார்த்தை கேட்டுவிட்டுக் கொடுக்க வேண்டும்.

ஏற்கெனவே மாற்றிவிட்டவர்கள், ஆல்டர்னேட்டர் வண்டியாக இருந்தால், ஸ்டார்ட் செய்ததும் முறுக்காமல் ஐடிலில் விட்டு பேட்டரி முனைகளில் வோல்ட் மீட்டர் வைத்துப் பாருங்கள். 14 வோல்ட்டை ஒட்டிக் காட்டினால் சரி. 12-லேயே நின்றால் அன்றைக்கு வண்டியை வெளியே எடுக்காதீர்கள்.

இப்படிக்கு,
கார் வயரிங் மெக்கானிக் ஒருவர்,
தண்டையார்பேட்டை, சென்னை-81.